ஹெரால்டு கார் மீட்டர் லைட்: எல்.இ.டி. பல்பு செட்டும் புதுப்பேட்டை எலக்ட்ரீஷியனும்

முதல்லயே சொல்லிடறேன், பழைய கார்ல மீட்டர் லைட் டல்லடிக்குதுன்னு ஆன்லைன்ல எல்.இ.டி. பல்பு தேடிக்கிட்டு இருக்கீங்கன்னா ஒரு நாள் பொறுத்துக்குங்க, பல்பு வாங்கறதுக்கு முன்னாடி ஒரு முழம் ஒயர் எடுத்து மீட்டரோட முதுகுல இருந்து வண்டியோட இரும்பு பாடிக்கு ஒரு எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போற வழி, குடுத்துப் பாருங்க. நான் அதைப் பண்ணாம நேரா பல்பு வாங்கினேன், அதனால நடுராத்திரி அப்பாவை வண்டியில உக்கார வெச்சுக்கிட்டு ஈ.சி.ஆர்.ல (சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை) பெட்ரோல் இல்லாம நிக்க வேண்டியதாச்சு. லைட்டுக்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க, அதைச் சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, 1970 மாடல், நாலு கதவு. இங்கிலாந்துல ட்ரையம்ப் கம்பெனி 1959-ல கொண்டு வந்த வண்டி, டிசைன் பண்ணது மிக்கெலோட்டிங்கற இத்தாலிக்காரர், அதை நம்ம ஊர்ல வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில செஞ்சாங்க. நாலு கதவு வெச்ச ஹெரால்டு இங்க மட்டும்தான் வந்துச்சு, இங்கிலாந்துலயே கிடையாது. அப்பா 82-ல செகண்ட் ஹேண்டா வாங்கினாரு. சின்ன வயசுல ராத்திரி செங்கல்பட்டுல இருந்து திரும்பி வரும்போது பின்சீட்டுல படுத்துக்கிட்டு, முன் ரெண்டு சீட்டுக்கு நடுவுல தெரியற அந்த மீட்டர் வெளிச்சத்தையே பாத்துக்கிட்டு வருவேன். லேசான பச்சை கலந்த ஒரு வெளிச்சம், அதுல வெள்ளை நம்பருங்க மிதக்கற மாதிரி இருக்கும். அந்த வெளிச்சம் எனக்குத் திரும்ப வேணும்னுதான் இந்த வேலையையே ஆரம்பிச்சேன்.

வண்டியில இருந்த பிரச்சினை இதுதான். பார்க் லைட் போட்டா ஸ்பீடோமீட்டர் மட்டும் அணையப் போற அகல் விளக்கு மாதிரி மங்கலா எரியும், பள்ளத்துல இறங்கி ஏறினா ஒரு செகண்ட் பளிச்சுன்னு வந்துட்டு திரும்ப மங்கிடும், பெட்ரோல் மீட்டர் டெம்பரேச்சர் மீட்டர் ரெண்டுலயும் சுத்தமா லைட்டே கிடையாது. அதுலயும் நான் கவனிச்சும் கண்டுக்காம விட்ட விஷயம் ஒண்ணு இருந்துச்சு, ராத்திரி லைட் போட்டா பெட்ரோல் முள்ளு மெதுவா கொஞ்சம் மேல ஏறும். பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் செக் பண்ணேன். பின்னாடி டெயில் லைட், முன்னாடி பார்க் லைட் ரெண்டும் நல்லா எரியுது, அதனால சுவிட்சு வரைக்கும் கரண்ட் வருதுன்னு அர்த்தம், அது சரியாத்தான் யோசிச்சேன். அப்புறம் பல்பைக் கழட்டிட்டு ஹோல்டருக்குள்ள மல்டிமீட்டரோட சிவப்பு முனையை வெச்சு, கறுப்பு முனையை ஸ்டியரிங் தண்டைப் பிடிச்சிருக்கற இரும்புல வெச்சுப் பாத்தேன், 12.3 வோல்ட் காட்டுச்சு. ஒயரிங் நல்லாருக்கு, பல்புதான் போயிருச்சுன்னு முடிவு பண்ணேன். இதுல ரெண்டு தப்பு இருக்கு, அது அப்ப புரியல. பல்பைக் கழட்டிட்டா அந்த ஒயர்ல கரண்டே ஓடாது, கரண்ட் ஓடாத ஒயர்ல எவ்ளோ துரு இருந்தாலும் மல்டிமீட்டர் முழு வோல்டேஜையும் காட்டும். இன்னொண்ணு, கறுப்பு முனையை நான் பாடியில வெச்சதால பல்புக்கு வர்ற வழியை மட்டும்தான் செக் பண்ணேன், பல்புல இருந்து திரும்பிப் போற வழியை செக் பண்ணவே இல்ல. உங்க வண்டியிலயும் பாக்கறதா இருந்தா பல்பு எரியும்போதே பாருங்க.

இப்ப அந்த எல்.இ.டி. செட்டுக்கு வர்றேன். ஆன்லைன்ல வாங்கினது, பத்து பல்பு 450 ரூபாய், ஸ்குரூ மாதிரி திருகற சின்ன பேஸ், டார்ச் லைட் பல்பு சைஸ், வார்ம் ஒயிட்னு போட்டிருந்துச்சு. பழைய பிரிட்டிஷ் வண்டிங்கள்ல இந்த இடத்துல வர்ற ஒரிஜினல் பல்புக்கு 987-ன்னு நம்பர், 12 வோல்ட் 2.2 வாட். எல்.இ.டி. அதே ஹோல்டர்ல திருகி உள்ள போயிடுது, அந்த விஷயத்துல குறை இல்ல. போட்டதும் ஸ்பீடோமீட்டர் பளபளன்னு வந்துச்சு, எனக்கு ஒரே சந்தோஷம், பெட்ரோல் டெம்பரேச்சர் மீட்டர்ல மட்டும் அப்பவும் இருட்டுதான், சரி அந்த ரெண்டு பல்பும் டிஃபெக்ட் போலன்னு வேற ரெண்டு போட்டேன், அதுவும் எரியல, ஸ்பீடோ எரியுதே போதும்னு விட்டுட்டேன்.

இங்கதான் எல்.இ.டி. என்னை நல்லா ஏமாத்துச்சு. அது எடுக்கற கரண்ட் ரொம்பக் கம்மி. பழைய பல்பு ஒண்ணு கிட்டத்தட்ட 0.18 ஆம்பியர் எடுக்கும், ஸ்பீடோமீட்டர்ல ரெண்டு பல்பு இருக்கு, எல்.இ.டி. எடுக்கறது அதுல ஒரு சின்ன பங்குதான். கரண்ட் கம்மின்னா மோசமான எர்த்துல கூட அது ஜம்முன்னு எரியும். அதாவது வண்டியில இருந்த கோளாறு அப்படியே இருக்கு, அதைக் காட்டிக் குடுத்துக்கிட்டு இருந்த அறிகுறியை மட்டும் நான் மறைச்சுட்டேன். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டு அமுக்கிட்டு உள்ள என்னன்னு பாக்காம விடற மாதிரி.

வெளிச்சமும் எனக்குப் பிடிக்கல. பழைய பல்புல இழை எல்லாப் பக்கமும் வெளிச்சம் குடுக்கும், மீட்டர் டப்பாவுக்குள்ள வெள்ளை பெயிண்ட் அடிச்சிருக்கறதே அதுக்குத்தான், வெளிச்சம் அதுல பட்டு சுத்திப் பரவி டயல் மேல விழும். இந்த எல்.இ.டி. நேரா முன்னாடி மட்டும் அடிக்குது, அதனால 30 பக்கத்துல ஒரு வெள்ளைப் புள்ளி, 60 பக்கத்துல ஒரு வெள்ளைப் புள்ளி, நடுவுல 40, 50 எல்லாம் நிழல்ல. வார்ம் ஒயிட்னு எழுதியிருந்தாலும் உள்ள இருக்கற அந்தப் பச்சை கண்ணாடி வழியா வரும்போது ஆஸ்பத்திரி காரிடார் மாதிரி ஒரு நீலம் அடிக்குது. லைட்டைக் கூட்டிக் குறைக்கற குமிழைத் திருப்பினா எல்.இ.டி.க்கு ஒண்ணுமே ஆகல, ஏன்னா அந்தக் குமிழுக்குள்ள இருக்கறது கம்பி சுத்தின ரெசிஸ்டன்ஸ், பழைய பல்பு இழுக்கற கரண்டுக்குன்னு செஞ்சது. பத்துல ஒண்ணு மூணு வாரத்துல கண்ணடிக்க ஆரம்பிச்சுருச்சு. இன்னொரு முக்கியமான விஷயம், பழைய பிரிட்டிஷ் வண்டிங்க நிறைய பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பிளஸ் பக்கம் பாடியில சேந்திருக்கும், என் வண்டி நெகட்டிவ் எர்த் அதனால எரிஞ்சுச்சு, உங்களுது பாசிட்டிவ் எர்த்தா இருந்தா சாதாரண எல்.இ.டி. எரியவே எரியாது, ரெண்டு பக்கமும் வேலை செய்யற மாதிரி கேட்டு வாங்கணும்.

அப்புறம்தான் அந்த ராத்திரி. மாமல்லபுரத்துல ஒரு கல்யாண ரிசப்ஷன் முடிச்சுட்டு வர்றோம், பெட்ரோல் முள்ளு கால் டேங்குக்கு மேலயே நிக்குது, கோவளம் தாண்டி கொஞ்ச தூரம் வந்திருப்போம், வண்டி ரெண்டு தடவை இழுத்து இழுத்து ஆஃப் ஆயிடுச்சு. சாவி போட்டா முள்ளு மெதுவா ஏறி திரும்பக் கால் டேங்குல நிக்குது, ஆனா டேங்க்ல ஒண்ணும் இல்ல. அப்பாவுக்கு 78 வயசு. அவரு ஒண்ணும் சொல்லல, கண்ணாடியை இறக்கிட்டு பேசாம உக்காந்திருந்தாரு, எனக்குத்தான் மனசு ஆறவே இல்ல. பைக்ல வந்த ஒருத்தர் நிறுத்தி, என்னை பங்குக்குக் கூட்டிட்டுப் போயி பாட்டில்ல பெட்ரோல் வாங்கிக்கிட்டு திரும்பக் கொண்டு வந்து விட்டாரு, அவருக்கு எவ்ளோ நன்றி சொன்னாலும் போதாது.

அடுத்த திங்கக்கிழமை ஒரு ஃப்ரெண்டு சொல்லி சென்னை புதுப்பேட்டையில ஒரு சந்துக்குள்ள இருக்கற ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போனேன். கடைன்னு சொல்ல முடியாது, ஒரு ஷட்டர், ஒரு மரப்பெட்டி, சுவர் முழுக்க பழைய டைனமோவும் ஸ்டார்ட்டர் மோட்டாரும். அண்ணனுக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். நான் பெட்ரோல் மீட்டர் தப்பாக் காட்டுது, டேங்க்ல இருக்கற மிதவை போயிடுச்சு போல, மாத்தணும்னு சொன்னேன். அவரு அதைக் காதுலயே வாங்கிக்காத மாதிரி குனிஞ்சு டேஷ்போர்டைப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு.

"இந்தப் பலகை எப்ப மாத்தினது தம்பி?"

2016-ல வண்டியை பெயிண்ட் அடிச்சப்ப பழைய டேஷ் ஊறி உரிஞ்சு போயிருந்துச்சுன்னு ஒரு ஒர்க்‌ஷாப்ல தேக்கு பிளைவுட்ல புதுசா செஞ்சு மாட்டினாங்க. அதைச் சொன்னேன்.

"அப்புறம் லைட்டு சரியா எரிஞ்சுதா?"

யோசிச்சுப் பாத்தா இல்ல. அதுக்கப்புறம்தான் எல்லாமே ஆரம்பிச்சிருக்கு.

அவரு பெட்டியில இருந்து ரெண்டு பக்கமும் கிளிப் வெச்ச ஒரு ஒயரை எடுத்தாரு, முதல்ல என் எல்.இ.டி. நாலையும் கழட்டச் சொல்லி பழைய பல்பு போட்டாரு, பார்க் லைட்டைப் போடச் சொன்னாரு, ஸ்பீடோ பழையபடி மங்கலா எரிஞ்சுச்சு. ஒயரோட ஒரு முனையை கதவு கீல் போல்ட்டுல கடிக்க விட்டாரு, இன்னொரு முனையை டேஷுக்கு அடியில கையை விட்டு ஸ்பீடோமீட்டர் முதுகுல தொட்டாரு. அவ்ளோதான். மொத்த டயலும் எரிஞ்சுச்சு. எடுத்தாரு, மங்கிடுச்சு. திரும்பத் தொட்டாரு, எரிஞ்சுச்சு. அப்படியே பெட்ரோல் மீட்டர் முதுகுல தொட்டாரு, பத்து வருஷமா இருட்டா இருந்த மீட்டர் எரியுது. எனக்குப் பேச்சே வரல. நான் மூணு மாசமா தேடினதை அவரு ஒரு நிமிஷத்துல காட்டிட்டாரு.

அதோட விடாம எனக்குப் புரியற மாதிரி விளக்கமும் சொன்னாரு, இந்த ரிவ்யூ எழுதக் காரணமே அதுதான். மீட்டர் லைட் பல்புக்கு தனியா எர்த் ஒயர் கிடையாது, பல்பு ஹோல்டர் மீட்டர் டப்பாவுல சொருகி இருக்கு, டப்பாதான் அதுக்கு எர்த். தகர டேஷ்போர்டு உள்ள வண்டியில மீட்டரைப் பிடிக்கற கிளாம்ப் தகரத்துல அழுத்தி நிக்கும், அதுவே எர்த் ஆயிடும். மர டேஷ்ல மரத்துல கரண்ட் போகாது, அதனால ஒவ்வொரு மீட்டர் முதுகுலயும் கறுப்பு ஒயர் ஒண்ணு வந்து அப்படியே அடுத்த மீட்டருக்குப் போயி கடைசியில பாடியில முடியணும். என் வண்டியில அந்தக் கறுப்பு ஒயரை டேஷ் மாத்தினவங்க திரும்ப மாட்டவே இல்ல, உள்ள சுருட்டி ஒரு ஓரமா விட்டிருந்தாங்க, முனையில பச்சை பூத்துப் போயி கிடந்துச்சு.

அப்ப ஸ்பீடோ மட்டும் எப்படி மங்கலாவாவது எரிஞ்சுச்சுன்னு கேட்டேன். ஸ்பீடோமீட்டர் கேபிள் இருக்குல்ல, அதோட இரும்பு உறை வழியா கியர்பாக்ஸுக்குப் போயி எர்த் ஆகியிருக்கு. கிரீஸும் துருவுமா இருக்கற வழி, அதனால கரண்ட் கம்மியாத்தான் வரும், பள்ளத்துல குலுங்கினா கொஞ்சம் நல்லாத் தொடும், பளிச்சுன்னு வரும். பல்பு எரியும்போதே மல்டிமீட்டர் வெச்சுக் காட்டினாரு, ஸ்பீடோ டப்பாவுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல 4.5 வோல்ட். அங்க கிட்டத்தட்ட சைபர் இருக்கணும். பல்புக்கு மிச்சம் கிடைச்சது ஏழரை வோல்ட்தான், இழை பல்புல வோல்டேஜ் கொஞ்சம் குறைஞ்சாலே வெளிச்சம் பல மடங்கு குறையும், 12-க்கு பதிலா 10 வோல்ட் வந்தாலே வெளிச்சம் கிட்டத்தட்ட பாதியாயிடும், ஏழரையில அஞ்சுல ஒரு பங்குதான் மிஞ்சும்.

பெட்ரோல் முள்ளு கதையும் இதேதான். ஸ்பீடோ முதுகுல ஒரு ஸ்குரூவுல சின்ன தகர டப்பா ஒண்ணு மாட்டியிருக்கு, அதுக்குப் பேரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர், பெட்ரோல் டெம்பரேச்சர் ரெண்டு மீட்டருக்கும் சராசரியா 10 வோல்ட் மட்டும் போற மாதிரி கரண்டை விட்டு விட்டுக் குடுக்கும். உள்ள ஒரு தகடு சூடாகி வளைஞ்சு கரண்டைக் கட் பண்ணும், ஆறினதும் திரும்பச் சேரும். அது சூடாகணும்னா அதுக்கு எர்த் வேணும், அதோட எர்த்தும் அதே ஸ்பீடோ டப்பாதான். எர்த் சரியில்லன்னா தகடு சரியா சூடாகாது, கட் பண்ண வேண்டிய நேரத்துல கட் பண்ணாது, மீட்டருக்கு வோல்டேஜ் அதிகமாப் போகும், முள்ளு இல்லாத பெட்ரோலைக் காட்டும். லைட் போட்டா ஸ்பீடோ டப்பாவோட வோல்டேஜ் இன்னும் ஏறும், ஸ்டெபிலைசர் இன்னும் மோசமாகும், முள்ளும் ஏறும். நான் கண்டுக்காம விட்டேன்னு சொன்னேனே, அதுதான் இது. அண்ணன் நிரந்தர எர்த் போட்டு முடிச்சதும், முன்னாடி அரை டேங்க் காட்டிக்கிட்டு இருந்த முள்ளு இப்ப கால் டேங்குல வந்து நின்னுச்சு. டேங்க்ல நான் ஊத்தின கணக்குக்கு அதுதான் சரி. மிதவை மாத்தறேன்னு அவரு என்கிட்ட ஆயிரக்கணக்குல வாங்கியிருக்கலாம், நானே அதைத்தானே கேட்டேன், அவரு அதைத் தொடவே இல்ல.

வேலை மொத்தம் ரெண்டரை மணி நேரம். முதல் வேலையா பேட்டரி ஒயரைக் கழட்டினாரு, என் கையில இருந்த ஸ்டீல் வாட்சையும் கழட்டச் சொன்னாரு, ஏன்னா டேஷுக்குப் பின்னாடி பழுப்பு ஒயர்ல சாவி இல்லாமலே எப்பவும் கரண்ட் இருக்கும், என் வண்டியில அதுக்கு ஃபியூஸும் கிடையாது, வாட்ச் பட்டை பட்டா ஒயரிங்கே எரிஞ்சுடும். அப்புறம் மீட்டர் ஒவ்வொண்ணையும் பின்னாடி இருக்கற கை நட்டைத் திருகி முன்பக்கமா எடுத்து, கிளாம்ப் உக்கார்ற இடத்துல எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு, புது கறுப்பு ஒயர்ல ரிங் போட்டு ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு இழுத்து பாடியில பெயிண்ட் சுரண்டி போல்ட் பண்ணாரு. நான் இருக்கறது திருவான்மியூர், உப்புக்காத்து, அதனால போல்ட் மேல கொஞ்சம் வாசலினும் தடவினாரு. பல்பு ஹோல்டரோட சிறகு மாதிரி இருக்கற தகட்டை லேசா வெளிப்பக்கம் வளைச்சு விட்டாரு, அது தளர்ந்து போனாலும் இதே பிரச்சினை வருமாம். சிவப்புல வெள்ளைக் கோடு போட்ட ஒயர்தான் மீட்டர் லைட் ஒயர், அதுல ஒரு சின்ன ஃபியூஸும் சேத்துக் குடுத்தாரு, நாலு பல்பும் சேந்து முக்கால் ஆம்பியர் கூட வராது.

பல்பு ஜி.பி. ரோட்ல ஒரு கடையில வாங்கிட்டு வரச் சொன்னாரு, பழைய ஸ்டாக், ஒண்ணு 25 ரூபாய். திருகும்போது விரல்ல ஒரு துணியைச் சுத்திக்கிட்டு கடைசி வரைக்கும் திருகினாரு, இந்த மாதிரி பல்பு வண்டி அதிர்வுல தானா தளர்ந்துடும்னாரு.

அன்னைக்கு ராத்திரி அப்பாவைக் கூட்டிக்கிட்டு தாம்பரம் தாண்டி வண்டலூர் வரைக்கும் சும்மா ஒரு ரவுண்டு போனேன். அந்தப் பச்சை வெளிச்சம் திரும்ப வந்துடுச்சு, நம்பர் மேல ஒரே சீரா, ஓரத்துல மட்டும் கொஞ்சம் மங்கி, முள்ளோட நுனி சிவப்பாத் தெரியுது. அப்பா 40-ஐ விரலால தொட்டுக் காட்டி, "இப்படித்தான்டா இருந்துச்சு"ன்னாரு.

கடையோட குறையையும் சொல்லணும். ஃபோன் பண்ணி டைம் வாங்கற வழக்கமெல்லாம் அங்க கிடையாது, போயி வரிசையில நிக்கணும், நான் ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன். சந்துல வண்டி நிறுத்த இடமே இல்ல, பத்து மணிக்கு மேல போனா பெரிய வண்டியை உள்ள திருப்பவே முடியாது, ஹெரால்டு சின்ன வட்டத்துலயே திரும்பற வண்டிங்கறதால தப்பிச்சேன். பில் குடுக்க மாட்டாரு. வேலை நடக்கும்போது கூட நின்னு கேள்வி கேட்டா பதில் சொல்றாரு, ஆனா அவசரப்படுத்தினா பிடிக்காது. கூலி 800, ஒயர் ஃபியூஸ் ரிங் எல்லாம் சேத்து 250, பல்பு நாலுக்கு 100. மொத்தம் 1150 ரூபாய்.

மார்க் போடணும்னா எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு அஞ்சுக்கு அஞ்சு. எல்.இ.டி. செட்டுக்கு அஞ்சுக்கு ரெண்டு, அதுவும் கரண்ட் கம்மியா எடுக்குது, சூடாகாதுங்கறதுக்காக. எர்த் எல்லாம் சரியா இருந்து, டைனமோ வண்டியில பேட்டரி தாங்கலன்னா போடலாம், பக்கவாட்டுலயும் வெளிச்சம் விடற மாதிரி பாத்து வாங்குங்க. மிச்சம் இருந்த எல்.இ.டி.ல ஒண்ணை டிக்கி லைட்டுல போட்டுட்டேன், அங்க நல்லாத்தான் எரியுது.

லைட் கூட்டிக் குறைக்கற குமிழ் மட்டும் இன்னும் பாக்கி. நடுவுல ஒரு இடத்துல திருப்பினா லைட் விட்டு விட்டு வருது, அதுக்குள்ள கம்பியில அழுக்குன்னு சொன்னாரு, அதோட ரெண்டு ஒயரையும் நேரா சேத்துப் பாத்தப்ப லைட் ஆடாம எரிஞ்சுச்சு, அதனால கோளாறு குமிழ்லதான். அடுத்த மாசம் கழட்டி எடுத்துட்டு வா, திறந்து சுத்தம் பண்ணிக்கலாம்னாரு, அது வரைக்கும் குமிழை முழுசா ஒரு பக்கம் திருப்பி வெச்சு ஓட்டிக்கிட்டு இருக்கேன்.